ஒரே மடிக்கணினியில் மூன்று சர்வர்கள்: பரவல் தரவுத்தளம் படிக்க போஸ்ட்கிரெஸ்

பொறியியல் கல்லூரிகளிலும் கணினிப் பயன்பாட்டியல் வகுப்புகளிலும் கிளையன்ட்-சர்வர் தரவுத்தளமும் (கேட்பது கிளையன்ட், தரவை வைத்துப் பதில்தருவது சர்வர்) பரவல் தரவுத்தளமும் (தரவு பல சர்வர்களில் பரவியிருப்பது) பெரும்பாலும் பெட்டிகளும் அம்புக்குறிகளுமாகவே மாணவர்களை வந்தடைகின்றன. துண்டாக்கல் (தரவைப் பிரித்துப் பல சர்வர்களில் வைத்தல்), நகலாக்கம் (ஒரே தரவின் பிரதியை வேறு சர்வரிலும் வைத்தல்), இருகட்டக் கமிட் (எல்லாச் சர்வர்களும் முதலில் சம்மதித்து, பிறகு ஒரே முடிவை நிறைவேற்றும் முறை) ஆகியவற்றின் படங்களைத் தேர்வுத்தாளில் பிழையின்றி வரைந்துவிடும் மாணவருக்கு, இரண்டாம் கட்டம் தொடங்குவதற்குச் சற்று முன் ஒரு சர்வர் நின்றுபோனால் திரையில் என்ன தெரியும், எந்த அட்டவணை பூட்டப்பட்டுக் கிடக்கும், அதை விடுவிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதைக் கண்ணால் காணும் வாய்ப்பு அமைவதே இல்லை. அந்த வாய்ப்பைத் தரும் படிப்புக் கருவி என்ற ஒரே கோணத்தில் போஸ்ட்கிரெஸ்கியூஎல் (சுருக்கமாக போஸ்ட்கிரெஸ்) தரவுத்தள மென்பொருளை இங்கே மதிப்பிடுகிறேன். பெரிய நிறுவனங்களில் அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது வேறொரு மதிப்புரைக்குரிய செய்தி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போஸ்ட்கிரெஸ் முழுமையான பரவல் தரவுத்தளம் அன்று. அத்தகைய தரவுத்தளத்துக்கு வேண்டிய உறுப்புகள் பலவற்றை அது தனித்தனியாகத் தருகிறது. அவற்றை ஒன்றாகக் கட்டி நடத்தும் ஒருங்கிணைப்பாளரைத் தருவதில்லை. தொழில்முறைப் பயனாளர் இதைக் குறையென்று சொல்லலாம். படிப்பவருக்கோ இதுவே பெரிய பேறு, ஏனென்றால் ஒருங்கிணைப்பாளரின் இடத்தில் அவரே அமர்ந்து, ஒவ்வொரு செய்தியையும் தம் கையால் அனுப்பி, ஒவ்வொரு தோல்வியையும் தாமே உண்டாக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

விலை ஏதுமில்லை. பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986இல் தொடங்கிய போஸ்ட்கிரெஸ் ஆய்வுத் திட்டத்தின் வழிவந்தது இது. ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்னும் இரு மாணவர்கள் பின்னர் அதில் எஸ்கியூஎல் என்னும் வினவல் மொழியைப் பொருத்தினர். 1996இல் இன்றைய பெயர் வந்தது. மூலநிரல் முழுவதும் திறந்த உரிமத்தில் கிடைப்பதால் காலவரம்போ முடக்கப்பட்ட மாணவர் பதிப்போ கிடையாது. படிப்பவருக்கு இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. புதிய தரவுக் கோப்புறையை அமைக்கும் இனிட்டிபி கட்டளையை மூன்று கோப்புறைகளுக்குத் தனித்தனியே இட்டு, 5432, 5433, 5434 என மூன்று போர்ட் எண்களைக் கொடுத்தால், ஒன்றையொன்று அறியாத மூன்று சர்வர்கள் ஒரே கணினியில் ஓடத் தொடங்கிவிடும். ஒவ்வொன்றும் பகிர்வு நினைவகத்துக்கு இயல்பிருப்பாக 128 எம்பி மட்டுமே எடுத்துக்கொள்வதால், 8 ஜிபி நினைவகமுள்ள சாதாரண மடிக்கணினியே ஆய்வுக்கூடமாகப் போதும். விண்டோஸில் நிறுவி அதைச் சேவையாகப் பதிவுசெய்யும் முறை ஒரு சர்வருக்கு வசதியானது, மூன்றுக்குச் சிக்கலானது. அங்கே விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ் துணையமைப்பிலோ, மென்பொருளைத் தனித்தனிக் கொள்கலன்களில் ஓடவைக்கும் டாக்கரிலோ வைத்துக்கொள்வது நல்லது.

கிளையன்ட்-சர்வர் பாடத்துக்கு போஸ்ட்கிரெஸ் ஏற்றதாக இருப்பதற்கு அதன் பழைய, எளிய கட்டமைப்பே காரணம். இணைப்பு ஒன்று வந்ததும் சர்வரின் தலைமைச் செயல்முறை (பிராசஸ்) தன்னிலிருந்து ஒரு புதிய செயல்முறையைப் பிரித்து, அந்தக் கிளையன்டை அதனிடம் ஒப்படைத்துவிடுகிறது. ஒரு சன்னலில் பிஎஸ்கியூஎல் என்னும் கட்டளைவரிக் கிளையன்டைத் திறந்துவைத்து, மற்றொரு சன்னலில் இயங்குதளத்தின் செயல்முறைப் பட்டியலைப் பார்த்தால், நமக்கென்று பிறந்த செயல்முறை, நம் பயனர் பெயருடனும் தரவுத்தளத்தின் பெயருடனும் அங்கே நிற்பதைக் காணலாம். இயல்பிருப்பில் 100 இணைப்புகளுக்கு மட்டுமே இடமுண்டு என்ற வரம்பு ஏன் இருக்கிறது, இடையில் பிஜிபவுன்சர் போன்ற இணைப்புத் தொகுப்பானை ஏன் வைக்கிறார்கள் என்பன அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகு விளக்கம் வேண்டாதவை ஆகிவிடுகின்றன.

உரையாடலையும் பார்க்கலாம். குறியாக்கத்தை அணைத்துவிட்டு, வலையமைப்பில் செல்லும் செய்திகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் 5432ஆம் போர்ட்டைக் கவனித்தால், வினவல் ஒரு செய்தியாகச் செல்வதும், நெடுவரிசைகளின் விவரம், ஒவ்வொரு பதிவு, முடிவறிவிப்பு, 'அடுத்ததற்குத் தயார்' என்ற குறிப்பு ஆகியவை வரிசையாகத் திரும்புவதும் பெயர்களுடன் தெரியும். கடைசிக் குறிப்பில் ஒரே ஓர் எழுத்து, பரிவர்த்தனைக்கு (ஒன்றாகவே நிலைபெறவோ ரத்தாகவோ வேண்டிய மாற்றங்களின் தொகுதிக்கு) வெளியே இருக்கிறோமா, உள்ளே இருக்கிறோமா, தோற்றுப்போன பரிவர்த்தனைக்குள் சிக்கியிருக்கிறோமா என்பதைச் சொல்கிறது. பரிவர்த்தனையின் நிலை சர்வரிடம் இருக்கிறது, கிளையன்டிடம் அதன் நிழல்தான் இருக்கிறது என்ற அடிப்படைக் கருத்து அந்த ஓர் எழுத்தில் அடங்கிவிடுகிறது.

இதையொட்டி ஒரு சோதனையைத் தவறாமல் செய்யும்படி பரிந்துரைக்கிறேன். கிளையன்ட் ஒரு பதிவை மாற்றிவிட்டு கமிட் செய்யாமல் (நிலைப்படுத்தாமல்) இருக்கும்போது அதன் செயல்முறையைக் கொன்றால், இயங்குதளம் இணைப்பை மூடுகிறது, சர்வர் உடனே மாற்றத்தைத் திரும்பப் பெறுகிறது, பிறர் அந்தப் பதிவை மாற்றாதபடி தடுத்த பூட்டு விடுபடுகிறது. அதே நிலையில் கிளையன்டைக் கொல்லாமல், அது இயங்கும் டாக்கர் கொள்கலனை வலையமைப்பிலிருந்து துண்டித்தால் சர்வருக்கு எதுவும் தெரிவதில்லை. பூட்டு அப்படியே இருக்கிறது. லினக்ஸின் இயல்பிருப்பு அமைவில் இரண்டு மணி நேரம் மௌனம் நீடித்த பிறகே மறுமுனை உயிரோடிருக்கிறதா என்ற விசாரிப்பு தொடங்கும். இறந்த மறுமுனைக்கும் எட்டாத மறுமுனைக்கும் வேறுபாடு காண இயலாது என்பது பரவல் அமைப்புகளின் எல்லாச் சிக்கல்களுக்கும் வேர். இரண்டே கட்டளைகளில் அது கைக்கு எட்டுகிறது.

அடுத்தது துண்டாக்கல். 2013இல் வந்த 9.3ஆம் பதிப்பு முதல் உடன்வரும் போஸ்ட்கிரெஸ் எஃப்டிடபிள்யூ என்னும் நீட்டிப்பு, வேறொரு சர்வரிலுள்ள அட்டவணையை உள்ளூர் அட்டவணைபோல் காட்டுகிறது. ஒரு தாய் அட்டவணையை மாவட்ட வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் ஒவ்வொரு சர்வரில் வைத்தால், பாடத்தில் வரும் கிடைமட்டத் துண்டாக்கல் அப்படியே உருவாகிவிடும். வினவல் எப்படி நிறைவேறும் என்று காட்டும் எக்ஸ்பிளெயின் கட்டளையோடு வெர்போஸ் என்பதையும் சேர்த்தால், தொலைச் சர்வருக்கு அனுப்பப்படும் எஸ்கியூஎல் வரியையே அது அச்சிட்டுக் காட்டுகிறது. தேர்வு நிபந்தனை அங்கேயே செயல்படுகிறதா, அல்லது எல்லாப் பதிவுகளும் இங்கே இழுத்துவரப்பட்ட பின் வடிகட்டப்படுகின்றனவா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. நாமே எழுதிய செயற்கூறு (ஃபங்ஷன்) ஒன்றை நிபந்தனையில் சேர்த்துப் பாருங்கள். அது தொலைவுக்குப் போகாமல் இங்கேயே தங்கிவிடும், அட்டவணை முழுவதும் 100 பதிவுகள் கொண்ட தொகுதிகளாக வலையமைப்பின் வழியே வந்து சேரும்.

இரு வேறு சர்வர்களிலுள்ள அட்டவணைகளை இணைக்கும் (ஜாயின்) வினவலில் இந்த நீட்டிப்பின் எல்லை தெரிகிறது. ஒரே சர்வரில் இருக்கும் இரு அட்டவணைகளின் இணைப்பை 9.6ஆம் பதிப்பு முதல் அங்கேயே முடித்துக்கொள்ளும் இது, வெவ்வேறு சர்வர்கள் என்றால் பதிவுகளை இங்கே வரவழைத்துத்தான் இணைக்கும். 1970களின் இறுதியில் எஸ்டிடி-1 என்னும் தொடக்ககாலப் பரவல் தரவுத்தளத்தை உருவாக்கியவர்கள், இணைப்புக்கு வேண்டிய திறவுகோல்களை மட்டும் முதலில் அனுப்பி, பொருந்தும் பதிவுகளை மட்டும் திரும்பப் பெறும் செமி-ஜாயின் உத்தியை வளர்த்தது இதே செலவைக் குறைக்கத்தான். போஸ்ட்கிரெஸில் அந்த உத்தியை நாமே கையால் எழுதிப் பார்க்கலாம்: திறவுகோல்களை ஓர் அணியாகத் திரட்டி, அதையே நிபந்தனையாக வைத்துத் தொலை அட்டவணையைக் கேட்க வேண்டும். முன்பும் பின்பும் எத்தனை பதிவுகள் வந்தன என்று எக்ஸ்பிளெயின் அனலைஸ் காட்டும் எண்களை ஒப்பிட்டவருக்கு, அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஆய்வு எதற்காக நடந்தது என்பது தெளிவாகும்.

இந்த மென்பொருளை நான் மனமுவந்து பாராட்டுவது இருகட்டக் கமிட்டுக்காகத்தான். தரவுத்தள ஆய்வாளர் ஜிம் கிரே 1978இல் எழுதிய குறிப்புகள் வழியாகப் பரவலாக அறியப்பட்ட இந்த நெறிமுறையை, ஐபிஎம் நிறுவனத்தின் ஆர் ஸ்டார் என்னும் பரவல் தரவுத்தள ஆய்வுத் திட்டத்தில் செம்மைப்படுத்தியவர்களில் முன்னணியில் நின்றவர் சென்னை ஐஐடியில் பயின்ற சி. மோகன். போஸ்ட்கிரெஸில் 2005இல் வெளிவந்த 8.1ஆம் பதிப்பு முதல் பிரிப்பேர் டிரான்சாக்ஷன், கமிட் பிரிப்பேர்டு, ரோல்பேக் பிரிப்பேர்டு என்னும் மூன்று கட்டளைகள் உள்ளன. முதல் கட்டத்துக்கு ஒன்று, நிலைப்படுத்தல், திரும்பப் பெறல் என்ற இரண்டாம் கட்டத்தின் இரு முடிவுகளுக்கும் ஒவ்வொன்று. முன்தயாரிப்புப் பரிவர்த்தனைகளின் எண்ணிக்கை வரம்பு இயல்பிருப்பில் சுழியமாக இருப்பதால், அமைவுக் கோப்பில் அதை உயர்த்திச் சர்வரை மறுபடி தொடங்கிய பிறகே இவை வேலை செய்யும்.

ஒரு சர்வரில் ஒரு கணக்கிலிருந்து 500 ரூபாயைக் கழித்து, இன்னொரு சர்வரில் வேறொரு கணக்கில் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் முதல் கட்டளையை ஒரே பெயருடன் இட்டதும், இரண்டுமே 'கமிட்டுக்குத் தயார்' என்று வாக்களித்துவிட்டன. இப்போது இரண்டாவது சர்வரை உடனடி நிறுத்தக் கட்டளையால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள். சாதாரணப் பரிவர்த்தனையாக இருந்திருந்தால் காற்றில் கரைந்திருக்கும். இதுவோ வட்டிலிருந்து எழுந்து வந்து, முன்தயாரிப்புப் பரிவர்த்தனைகளின் பட்டியலில் தன் பெயருடனும் நேரத்துடனும் நிற்கிறது. அதன் பூட்டுகளும் கூடவே திரும்பிவிட்டன. அதே கணக்கை மாற்ற முயலும் புதிய பயனர் காத்துக்கொண்டே இருப்பார். இட்டவரின் இணைப்பு முடிந்து வெகுநேரம் ஆகியிருக்கலாம். பரிவர்த்தனை இனி எந்த இணைப்புக்கும் சொந்தமில்லை. வாக்களித்த பங்கேற்பாளர் தன்னிச்சையாகப் பின்வாங்கக் கூடாது என்ற விதியின் கடுமை இங்கேதான் உறைக்கிறது.

முடிவு என்ன என்பதை அந்தச் சர்வரால் சொல்ல முடியாது. ஒருங்கிணைப்பாளர் சொல்ல வேண்டும், அந்த ஒருங்கிணைப்பாளர் நாம். அதனால் இந்தச் சோதனையைச் செய்யும்போது ஒரு தாளில், கமிட் என்று முடிவெடுத்த கணத்திலேயே, எந்தச் சர்வருக்கும் சொல்வதற்கு முன், பரிவர்த்தனையின் பெயரையும் முடிவையும் எழுதிவைக்க வேண்டும் என்று வற்புறுத்துவேன். அந்தத் தாள்தான் ஒருங்கிணைப்பாளரின் பதிவேடு. முதல் சர்வருக்கு முடிவைச் சொல்லிவிட்டு இரண்டாவதற்குச் சொல்வதற்குள் எழுந்துபோய்விட்டு, மற்றொரு மாணவரைத் தாளை மட்டும் வைத்து மீட்கச் சொல்லிப் பாருங்கள். தாளில் பெயர் இருந்தால் கமிட். இல்லையென்றால் தயக்கமின்றி ரோல்பேக். மோகனும் அவருடைய சக ஆய்வாளர்களும் விவரித்த 'கைவிடப்பட்டதாகக் கொள்ளல்' என்ற மேம்பாட்டின் சாரம் இதுவே: கைவிடும் முடிவுகளை எழுதத் தேவையில்லை, எழுதப்படாமையே அதற்குச் சான்று.

இதே தாளைக் கணினி எப்படி வைத்துக்கொள்கிறது என்று பார்க்க விரும்புவோர், பிறகு, போஸ்ட்கிரெஸைப் பல சர்வர்களில் பரப்பும் சைட்டஸ் நீட்டிப்பை நிறுவலாம். மைக்ரோசாஃப்ட் 2019இல் வாங்கிய நிறுவனத்தின் படைப்பான அது, பல சர்வர்களைத் தொடும் பரிவர்த்தனையின்போது ஒருங்கிணைப்புச் சர்வரிலுள்ள ஓர் அட்டவணையில் குறிப்பை எழுதிவைத்து, தொங்கிநிற்கும் பரிவர்த்தனைகளைப் பின்னர் அதனோடு ஒப்பிட்டு முடித்துவைக்கிறது. அந்த அட்டவணையை நாமே திறந்து படிக்கலாம்.

இந்தப் பாராட்டோடு ஓர் எச்சரிக்கையும் சேர வேண்டும். முன்பு சொன்ன எஃப்டிடபிள்யூ நீட்டிப்பு, பல சர்வர்களில் எழுதும்போது இருகட்டக் கமிட்டைப் பயன்படுத்துவதில்லை. உள்ளூர் கமிட்டுக்குச் சற்று முன், ஒவ்வொரு தொலைச் சர்வருக்கும் சாதாரண கமிட் கட்டளையையே அனுப்புகிறது. இரண்டு தொலை அட்டவணைகளில் எழுதிவிட்டு, அவற்றில் ஒன்றில் கமிட் நேரத்தில் மட்டும் சோதிக்கப்படும் தள்ளிவைத்த கட்டுப்பாடு மீறப்படும்படி செய்தால், ஒன்று நிலைத்து மற்றொன்று தோற்பதைக் காணலாம். எந்தச் சர்வருக்கு முதலில் கட்டளை போகும் என்பது நம் கையில் இல்லை; தோற்க வேண்டியது முதலிலேயே தோற்று எல்லாம் ரத்தானால், கட்டுப்பாட்டை மற்றச் சர்வருக்கு மாற்றிவிட்டு மறுபடி செய்ய வேண்டும். அனைத்தும் அல்லது ஏதுமில்லை என்ற உறுதி உடைவதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு வழி எனக்குத் தெரியாது. கற்பதற்கு அருமையான இதே இயல்பு, நிஜக் கணக்குகளை வைத்திருப்பவருக்கு ஆபத்தானது. ஆவணம் இந்த வரம்பை ஒளிக்காமல் சொல்கிறது என்றாலும் படிக்காமல் கடந்துபோவது எளிது.

டெட்லாக்கிலும் இதே கதை. ஒரு சர்வருக்குள் இரு பரிவர்த்தனைகள் ஒன்றுக்காக ஒன்று காத்திருந்தால், ஒரு நொடிக்குப் பின் போஸ்ட்கிரெஸ் அதைக் கண்டுபிடித்து ஒன்றை ரத்துசெய்கிறது. இரு சர்வர்களுக்குக் குறுக்கே அந்த வட்டத்தை அமைத்தால், ஒவ்வொரு சர்வருக்கும் பாதி வட்டமே தெரிவதால் காத்திருப்பு தானாக முடிவதே இல்லை. பூட்டுக் காலவரம்பை அமைத்தால் விடிவு உண்டு. பரவல் டெட்லாக் பற்றிய பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள் நான்கு சன்னல்களைத் திறந்துவைத்து இதைச் செய்துகாட்டலாம்.

நகலாக்கத்தில் போஸ்ட்கிரெஸ் நன்றாகவே முதிர்ந்திருக்கிறது. பிஜி பேஸ்பேக்கப் கட்டளையால் ஒரு துணைச் சர்வரை உருவாக்கினால், முதன்மைச் சர்வரின் மாற்றப் பதிவேடு தொடர்ந்து அதற்குப் பாய்கிறது. அனுப்பியது எதுவரை, எழுதியது எதுவரை, வட்டில் உறுதிப்படுத்தியது எதுவரை, செயல்படுத்தியது எதுவரை என்ற நான்கு நிலைகளையும் முதன்மைச் சர்வரிலேயே ஒரு காட்சி அட்டவணை காட்டுகிறது. கமிட் எந்த நிலைக்குக் காத்திருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். துணைச் சர்வர் வேண்டுமென்றே 30 நொடி பின்தங்கும்படி அமைக்கவும் ஒரு வசதி உண்டு. அதை வைத்துக்கொண்டு முதன்மையில் எழுதியதைத் துணையில் உடனே தேடினால், நகலில் பழைய தரவு தெரிவது என்னவென்று சில நிமிடங்களில் புரிந்துவிடும். பின்னர் கமிட் செயல்படுத்தல் வரை காத்திருக்கும்படி மாற்றினால், ஒவ்வொரு கமிட்டும் அந்த 30 நொடியைச் செலுத்திவிட்டே திரும்பும். ஒத்திசைவுக்குக் கொடுக்கும் விலை நேரமாகவே கையில் தெரிகிறது.

ஒரே நேர நகலாக்கத்தில் துணைச் சர்வர் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். கமிட் உறைந்து நிற்கும். பொறுமையிழந்து அதை ரத்துசெய்தால், பரிவர்த்தனை இங்கே ஏற்கனவே நிலைபெற்றுவிட்டது, ஆனால் நகலைச் சென்றடைந்திருக்காமல் இருக்கலாம் என்ற எச்சரிக்கை வரும். ரத்துசெய்யப்பட்டது காத்திருப்பு மட்டுமே. இந்த ஒரு வரியைத் திரையில் கண்ட மாணவர், 'கமிட் ஆயிற்றா இல்லையா' என்ற கேள்விக்கு எப்போதும் இரண்டே விடைகள்தாம் என்று இனி எண்ணமாட்டார்.

போஸ்ட்கிரெஸ் கற்றுத்தர இயலாத இடமும் இங்கேதான் தொடங்குகிறது. முதன்மைச் சர்வர் வீழ்ந்தால் துணையை உயர்த்துவது நம் வேலை. அது தானாக நடக்காது. உயர்த்திய பிறகு பழைய முதன்மையைத் தவறுதலாக இயக்கிவிட்டால், இரண்டும் புதிய மாற்றங்களை ஏற்றுக்கொண்டு தனித்தனி வழியில் போகும். அந்தப் பிளவை உண்டாக்கிப் பார்த்து, பிஜி ரீவைண்டு கொண்டு பழையதைப் புதியதன் வழிக்குத் திருப்பிக் கொணர்வது பயனுள்ள பயிற்சி. ஆனால் யார் முதன்மை என்பதைச் சர்வர்களே கூடிப் பெரும்பான்மையால் முடிவுசெய்யும் ஒருமித்த முடிவு நெறிமுறை இதற்குள் இல்லை. அதற்கு, அத்தகைய நெறிமுறையைக் கொண்ட எட்சிடி போன்ற சேமிப்பகம் ஒன்றோடு, முதன்மை மாற்றத்தை நடத்தும் பட்ரோனி என்னும் கருவியை இணைக்க வேண்டும், அல்லது ராஃப்ட் என்னும் ஒருமித்த முடிவு நெறிமுறையைத் தன் அடித்தளத்திலேயே கொண்ட காக்ரோச்டிபி என்னும் பரவல் தரவுத்தளத்தை நாட வேண்டும். ஆயினும் தொடக்கத்திலேயே காக்ரோச்டிபியைக் கையில் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. அது எல்லாவற்றையும் தானே செய்துமுடிப்பதால், எந்தச் சிக்கலைத் தீர்க்கிறது என்பதை முதலில் அறியாதவருக்கு அது மற்றுமொரு எஸ்கியூஎல் சர்வராகவே தோன்றும். பல சர்வர்களுக்குப் பொதுவான ஒரே கணத்தின் காட்சியும் போஸ்ட்கிரெஸில் கிடைக்காது; கூகுள் 2012இல் விவரித்த ஸ்பேனர் என்னும் பரவல் தரவுத்தளம் அணுக் கடிகாரங்களையும் ஜிபிஎஸ்ஸையும் கொண்டு தீர்த்தது அதைத்தான், மடிக்கணினியில் அதற்கு ஈடில்லை.

ஆவணங்கள் விரிவானவை, துல்லியமானவை. ஆனால் தமிழில் இல்லை. ஆங்கிலத்தில் தடுமாறும் முதலாண்டு மாணவருக்கு, பூட்டுகள், நகலாக்கம் பற்றிய இயல்கள் ஆசிரியர் துணையின்றி எளிதில் வசப்படா. இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளைப் பின்பற்றுவோர் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். துணைச் சர்வரை அமைக்க ரெக்கவரி.கான்ஃப் என்ற கோப்பை எழுதச் சொல்லும் வழிகாட்டி 12ஆம் பதிப்புக்கு முந்தையது. அந்தக் கோப்பு இருந்தால் இன்றைய சர்வர் தொடங்கவே மறுக்கும். ஆண்டுதோறும் ஒரு பெரிய பதிப்பு வந்து ஐந்தாண்டுகள் ஆதரிக்கப்படுவதால், ஆதரவிலுள்ள எந்தப் பதிப்பை நிறுவினாலும் இங்கே சொன்ன சோதனைகள் அனைத்தையும் செய்யலாம். மூன்று சர்வர்களும் ஒரே பதிப்பாக இருக்கட்டும்.